மணிவிழா வயதில் ஓர் அகராதி: ஜெருசலேம் நாட்குறிப்பு, பிப்ரவரி 2019

திங்கள்

பென் குரியோன் விமான நிலையத்திலிருந்து ஜெருசலேமுக்கு இப்போது ரயிலில் அரை மணி நேரம்கூட ஆவதில்லை. போன செப்டம்பரில் திறந்த புதுப் பாதை. பெரும்பாலும் மலையைக் குடைந்த சுரங்கம்தான். வெளிச்சம் வந்தால் ஒரு பாலம், கீழே பள்ளத்தாக்கு, உடனே மறுபடி இருட்டு. ஜன்னலோரம் இடம் பிடித்து ஒரு பயனும் இல்லை. இறங்கும் நிலையம் தரைக்கு 80 மீட்டர் கீழே இருக்கிறது. எஸ்கலேட்டர் மாறி மாறி ஏறி மேலே வந்தால் நல்ல மழை, எலும்பைத் தொடும் குளிர்.

தம்பி குடையோடு நின்றிருந்தான். கூடப் பிறந்தவன் இல்லை. விருதுநகர்ப் பையன், இங்கே எபிரேயப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் போஸ்ட்டாக். என் பெட்டியை வாங்கிக்கொண்டே கேட்டான்: “அண்ணே, இந்த ஊருக்கு வர்றவங்க கோயிலு, மசூதி, அழுகைச் சுவருன்னு வருவாங்க. நீங்க என்ன, டிக்‌ஷனரி பார்க்க வந்திருக்கேங்கறீங்க?”

சென்னையில் பிழை திருத்துவது என் பிழைப்பு. அகராதிகள் மீது பைத்தியம் உண்டு. எபிரேய மொழியின் வரலாற்றுப் பேரகராதித் திட்டம், அதாவது ஒவ்வொரு சொல்லும் எந்தக் காலத்தில் எப்படி வழங்கியது என்று காட்டும் அகராதி வேலை, 1959-இல் தொடங்கியது. இந்த ஆண்டோடு அறுபது. நம் கணக்கில் மணிவிழா. இத்தனைக்கும் அந்த அகராதியில் ஒரு தொகுதிகூட இன்னும் புத்தகமாக வரவில்லை! அறுபது வருடமாக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், உலகம் அதைக் குறை சொல்லாமல் பயன்படுத்திக்கொண்டும் இருக்கிறது. இது எப்படி என்று பார்க்க வேண்டும் என்ற ஆசை பல நாளாக உண்டு. விழா மேடை, பொன்னாடை எதையும் எதிர்பார்த்து நான் வரவில்லை.

தம்பி இதைக் கேட்டுவிட்டு, “சரி, மொதல்ல சாப்பிடுவோம்” என்றான்.

செவ்வாய்

1959 என்ற வருடத்துக்குப் பின்னால் இன்னொரு அகராதியின் கதை இருக்கிறது. அதை எத்தியோப்பியத் தெருவிலிருந்து தொடங்குவதுதான் முறை.

குறுகலான தெரு. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் கல் மதில்கள். ஒரு மதிலுக்குப் பின்னால் வட்ட வடிவ எத்தியோப்பியத் தேவாலயம். அதே தெருவில் 11-ஆம் எண் வீட்டில்தான், எபிரேயத்தை மறுபடி பேச்சுமொழி ஆக்கப் பாடுபட்ட எலியேசர் பென்-யெஹூதா குடியிருந்தார். 1858-இல் அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்தவர். காசநோயோடு 1881-இல் இங்கே வந்தார். வீட்டில் எபிரேயம் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்று கட்டுப்பாடு. 1882-இல் பிறந்த மகனை அப்படியே வளர்த்தார். வழிபாட்டிலும் படிப்பிலும் எழுத்திலும் வாழ்ந்து, வீட்டுப் பேச்சிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன்பே போய்விட்ட மொழியில் ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது அவர் குடும்பத்தில்தான் என்று சொல்வார்கள்.

வீட்டு வாசலில் அவர் நினைவாகப் பலகை வைப்பதும், யாராவது அதைப் பெயர்த்துக்கொண்டு போவதும் இங்கே பழைய கதை. காரணம் தேடித் தூரம் போக வேண்டாம். நடக்கும் தூரத்தில், கடும் ஆசார யூதர்கள் வாழும் மேஆ ஷெஆரிம். கறுப்பு அங்கி, தொப்பி, யித்திஷ் பேச்சு. புனித மொழியைக் காய்கறிக் கடைக்கும் சண்டைக்கும் இழுத்து வந்தவர் என்று அந்தத் தரப்புக்கு அவர் மேல் கோபம். அவர் உயிரோடு இருந்தபோதே, அவர் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையை ஆட்சிக்கு எதிரான அறைகூவல் என்று ஒட்டோமான் அதிகாரிகளிடம் போட்டுக்கொடுத்து, சிறைக்கும் அனுப்பினார்கள்.

அவருடைய அகராதிதான் இன்றைக்கு என் விஷயம். 1908 முதல் வெளிவரத் தொடங்கியது, அச்சு பெர்லினில். ஒவ்வொரு சொல்லுக்கும் ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று மூன்று மொழியில் பொருள். முதல் உலகப்போர் சமயத்தில் நியூயார்க் போய், அங்குள்ள நூலகங்களில் வேலையைத் தொடர்ந்தார். 1922 டிசம்பரில் இறந்தார். அப்போது அகராதி பாதி வழிகூடத் தாண்டவில்லை.

அதற்குப் பிறகு அதைத் தூக்கிச் சுமந்தவர் அவர் மனைவி ஹெம்தா. முதல் மனைவி தெவோராவின் தங்கை. அக்கா காசநோயில் இறந்தபின் அவரை மணந்தவர். பண உதவி தேடி அலைந்தது, அறிஞர்களைப் பிடித்துப் போட்டது, அச்சகத்தோடு மல்லுக்கு நின்றது எல்லாம் இந்த அம்மாள்தான். 1951-இல் தான் இறக்கும்வரை விடவில்லை. மகன் எஹுத் கூட இருந்தார். பின் தொகுதிகளை நஃப்தலி ஹெர்ட்ஸ் தூர்-சினாய் என்ற பேராசிரியர் பதிப்பித்தார். கடைசித் தொகுதி வந்தது 1959. மொத்தம் 17 தொகுதிகள். ஊரெங்கும் பென்-யெஹூதா பெயரில் தெரு இருக்கிறது. நடைபாதைக் கடைகள் நிறைந்த அந்தத் தெருவில் காபி குடித்தபோது, கணவர் போனபிறகு இத்தனை ஆண்டு தொகுதி தொகுதியாக இழுத்து வந்தவரின் பெயரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தம்பியிடம் கேட்டேன். அவன் கூகுளைத் திறந்தான்.

ஆக, ஓர் அகராதி முடிந்த அதே ஆண்டில் அடுத்தது தொடங்கியிருக்கிறது. முடிந்ததன் மேல் திருப்தி இருந்திருந்தால் தொடங்கியிருக்க மாட்டார்கள். அதை நாளைக்குக் கேட்க வேண்டும்.

திரும்பும் வழியில் ஒரு புத்தகக் கடைக்குள் புகுந்தோம். சுவர் முழுக்கப் பொன்னெழுத்து முதுகுகள். தல்மூத் கலைக்களஞ்சியம் வரிசையாக நின்றது. தல்மூத் என்பது யூதச் சமயச் சட்ட விவாதங்களின் பழைய பெருந்தொகுப்பு. இந்தக் கலைக்களஞ்சியம் நான் பார்க்க வந்த அகராதித் திட்டத்தைவிட மூத்தது. ரபி (யூத மதகுரு) மேயர் பார்-இலான் 1942-இல் தொடங்கிவைத்தார். ஐரோப்பாவில் யூதக் கல்விச்சாலைகள் அழிந்துகொண்டிருந்த அதே ஆண்டு. ரபி ஷ்லோமோ யோசெஃப் ஸெவின் ஆசிரியர். முதல் தொகுதி 1947-இல் வந்தது. யூதச் சமயச் சட்டத்தில் எந்தத் தலைப்பை எடுத்தாலும், தல்மூத் காலம் தொட்டு யார் யார் என்ன சொன்னார்கள் என்பதை அகரவரிசையில் தொகுத்துத் தரும் வேலை. ஒரு தொகுதியைப் புரட்டினேன். மேலே சில வரி, கீழே அடிக்குறிப்பு மலை. அகரவரிசை இன்னும் கடைசி எழுத்துக்கு வரவில்லை. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எந்த மொழியில் படிக்கிறவர் என்று கேட்டார். சொன்னேன். தலையசைத்துவிட்டு விலையைச் சொன்னார். புத்தகத்தைத் திரும்ப இடத்தில் வைத்தேன்.

புதன்

எபிரேயப் பல்கலைக்கழகத்தின் கிவாத் ராம் வளாகம். தம்பியின் சோதனைக்கூடமும் இங்கேதான் என்பதால் அவன் சர்வசாதாரணமாக நடக்கிறான். எபிரேய மொழி அகாடமியின் கட்டடம் சின்னது. ஒரு தேசத்தின் மொழி குறித்துச் சட்டபூர்வமாக முடிவெடுக்கிற இடம் இவ்வளவு அடக்கமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. 1890-இல் பென்-யெஹூதாவும் நண்பர்களும் கூட்டிய மொழிக் குழுவின் வாரிசு இது. 1953-இல் சட்டம் போட்டு அகாடமி ஆக்கினார்கள். முதல் தலைவர் அதே தூர்-சினாய். பென்-யெஹூதாவின் எழுதுமேசையும் புத்தகங்களும் இங்கே ஓர் அறையில் இருக்கின்றன. அந்த அறையைப் பார்த்ததும் அப்பாடா என்றிருந்தது. ஒரு தனி மனிதரின் வேலை எத்தனை பெரியது, எத்தனை சின்னது என்பது இரண்டும் அங்கே தெரிகிறது.

அகாடமி செய்தியில் அடிபடுவது புதுச்சொல் உருவாக்குவதற்காக. எந்தக் கருவிக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதும், ஜனங்கள் கேலி செய்வார்கள். வரலாற்றுப் பேரகராதி அந்தச் சத்தத்துக்கு வெளியே நடக்கும் வேலை. அங்கே பல வருடமாக வேலை பார்க்கும் ஓர் அம்மையார் எங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினார். நான் பிழை திருத்துபவன் என்றதும் முகம் மலர்ந்தது. “அப்படியானால் எங்கள் எதிரி நீங்கள்தான்” என்றார்.

ஏன் என்பதற்கு அவர் சொன்ன விளக்கம்தான் இந்தப் பயணத்துக்கே போதுமானது.

மிஷ்னா என்ற யூதச் சமயச் சட்ட நூல் கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்டது. பைபிள் எபிரேயத்துக்கும் இதன் எபிரேயத்துக்கும் நிறைய வேறுபாடு உண்டு. ஆனால் இடைக்காலத்தில் இதைப் படியெடுத்தவர்கள் பைபிளில் ஊறியவர்கள். மிஷ்னாவின் நடை அவர்கள் கண்ணுக்குப் பிழையாகப் பட்டது. பக்தியோடு திருத்தினார்கள். பிறகு அச்சகத்தார் திருத்தினார்கள். மனிதன் என்று பொருள்படும் ‘ஆதாம்’ என்ற சொல் பழைய ஏடுகளில் ‘ஆதான்’ என்று வருகிறது. அச்சுப் புத்தகத்தில் எல்லாம் ஒழுங்காக ‘ஆதாம்’ ஆகிவிட்டது. அச்சுப் புத்தகத்தை நம்பி அகராதி எழுதினால், அது இரண்டாம் நூற்றாண்டு மக்கள் மொழிக்கு அகராதி ஆகாது. ஆயிரம் வருடம் கழித்து வந்த நல்லெண்ணத் திருத்தர்களின் மொழிக்குத்தான் ஆகும். யெஹெஸ்கேல் குட்ஷர் போன்ற அறிஞர்கள் இதை விலாவாரியாகக் காட்டினார்கள்.

பென்-யெஹூதாவிடம் அவர்களுக்கு இருந்த முதல் குறை இதுவே. அவர் எடுத்த மேற்கோள்கள் பெரும்பாலும் அச்சுப் பதிப்பிலிருந்து வந்தவை. அரமேய, அந்நியச் சொற்களை ஒதுக்கினார். தானே ஆக்கிய சொற்களைச் சேர்த்தார். புத்துயிர் கொடுக்க வந்தவர் அகராதியில் அதெல்லாம் நியாயம். வரலாறு எழுத வந்தவர்களுக்கு அது போதாது.

திட்டத்தின் தலைமையை ஏற்றவர் ஸேவ் பென்-ஹயீம். சமாரியர்களின் எபிரேய உச்சரிப்பை ஆராய்ந்து பெயர் பெற்றவர். பழைய அகராதிகளைத் துணைக்கு வைத்துக்கொள்ளாமல் முதலிலிருந்து தொடங்குவது அவர்கள் வகுத்த வழி. ஆள் வைத்துப் படிக்கச் சொல்லி, கண்ணில் படும் நல்ல மேற்கோளைச் சீட்டில் எழுதிச் சேர்ப்பது வழக்கமான அகராதி வேலை. அதில் அரிய சொல் நிறையச் சேரும், அன்றாடச் சொல் நழுவும். இவர்கள் அப்படிப் போகவில்லை. ஒரு நூலை எடுத்தால் முழு நூல். அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும், அதன் ஒவ்வொரு வருகையும் பதிவாக வேண்டும். அதுவும் கிடைத்ததில் சிறந்த கையெழுத்துப் படியைப் பார்த்து. மிஷ்னா என்றால் புடாபெஸ்டில் இருக்கும் காஃப்மன் படி. ஜெருசலேம் தல்மூத் என்றால் ரோமில் 1289-இல் எழுதப்பட்டு, இன்று ஹாலந்தில் லெய்டனில் இருக்கும் படி. பைபிளுக்குப் பிந்தைய எழுத்திலிருந்து தொடங்கி, பதினோராம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கிடைத்ததெல்லாம் உள்ளே. அதற்குப் பின்னால் தேர்ந்தெடுத்த நூல்கள். 1750-க்குப் பிந்தைய நவீன எழுத்துக்குத் தனிப் பிரிவு.

இந்த அளவில் கை வேலை நடக்காது. அதனால் 1960-களிலேயே கணினிக்குப் போய்விட்டார்கள். பிற்காலத்தில் ‘மாகரீம்’ என்ற தரவுத்தளமாக அது வெளியே வந்தது. இப்போது இணையத்தில் யாரும் தேடலாம். அம்மையார் ஒரு சொல்லைத் தட்டினார். எந்த நூற்றாண்டில் எந்த ஏட்டில் எந்த எழுத்துக்கூட்டலில் வந்தது என்று வரிசை கட்டி நின்றது. எபிரேயத்தில் உயிர்க்குறி போடாமல் எழுதுவார்கள். ஒரே எழுத்துக்கோவையை மூன்று நான்கு விதமாகப் படிக்க முடியும். இந்த இடத்தில் இது எந்தச் சொல் என்று யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். அந்தத் திரையில் தெரிந்த ஒவ்வொரு வரிக்கும் அப்படி ஒருவர். அதுவும் பாதி கிழிந்த, வேறெங்கும் அச்சாகாத வழிபாட்டுப் பாடல்களில்கூட. இவ்வளவுதான் அந்த அறுபது வருடம்.

1982-இல் மாதிரிக்காக ஒரே ஒரு பதிவை வெளியிட்டார்கள். ஐன், ரேஷ், பேத் என்ற மூன்று எழுத்து வேர். மாலை, மேற்கு, பிணை, இனிமை, கலப்பு எல்லாம் அந்த வேரின் கீழ் வரும். அதுவே அகாடமியின் ஆய்விதழில் ஏராளமான பக்கங்களைப் பிடித்தது. அகராதி முழுக்க இப்படியே அச்சிட்டால் எத்தனை தொகுதி வரும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருவரும் சிரித்தோம்.

ஆனாலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, அதை அவரிடமே சொன்னேன். வீட்டில் ஒரு பையன் அலமாரியிலிருந்து எடுத்துப் புரட்ட ஒரு தொகுதியாவது வேண்டாமா? தேடுகிறவனுக்குத் தரவுத்தளம் சரி, தேடாமல் புரட்டுகிறவனுக்கு? அவர் இதை நிறையக் கேட்டவர்போல் இருந்தார். அச்சானதும் அது பழையதாகிவிடும், நாளைக்கே ஒரு கிழிசல் ஏடு கிடைத்தால் என்ன செய்வது என்றார். நியாயம்தான். என் மனத்தாங்கல் முழுதாகப் போகவில்லை.

பென்-ஹயீம் 1907-இல் பிறந்து 2013-இல் இறந்தார். 105 வயது. இவ்வளவு வாழ்ந்தும் முதல் தொகுதியைக் கையில் பிடிக்கவில்லை. தம்பி வெளியே வந்ததும் சொன்னான்: “அண்ணே, எங்க லேப்ல மூணு வருஷம் பேப்பர் வரலைன்னா ஃபண்டை நிறுத்திடுவாங்க.”

வியாழன்

தேசிய நூலகமும் இதே வளாகத்தில். 1960-இல் திறந்த கட்டடம். புதிய கட்டடம் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருக்கிறது. நல்லவேளை, பழையதையே பார்த்துவிட்டேன். மாடியேறினால் மோர்தெகாய் ஆர்தோனின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். ஏசாயாவின் கனவைப் பற்றியது. வாள்களை அடித்து ஏர்க்கொழு ஆக்கும் காட்சி. படிக்க வந்தவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அதன் கீழே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள்.

ஐசக் நியூட்டனின் சமயக் கையெழுத்துப் படிகள் பெரும்பகுதி இங்கேதான் இருக்கின்றன. 1936-இல் லண்டன் ஏலத்தில் சிதறியவற்றை ஆபிரகாம் யஹூதா என்ற அறிஞர் வாங்கிச் சேர்த்து, அவர் காலத்துக்குப் பின் இங்கே வந்து சேர்ந்தது. அகராதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஜெருசலேமில் எதைத் தேடிப் போனாலும் வழியில் சம்பந்தமில்லாத ஒன்று நம் சட்டையைப் பிடித்து இழுக்கும்.

சம்பந்தமுள்ளது மைக்ரோஃபிலிம் பிரிவு. நாடு பிறந்து இரண்டே வருடத்தில், 1950-இல், சாப்பாட்டுக்கு ரேஷன் இருந்த காலத்தில், உலகில் எங்கெல்லாம் எபிரேயக் கையெழுத்துப் படி இருக்கிறதோ அத்தனையையும் படம் பிடித்துக் கொண்டுவர வேண்டும் என்று முதல் பிரதமர் பென் குரியோன் முடிவெடுத்தார். வத்திக்கான், பார்மா, ஆக்ஸ்ஃபோர்டு, லண்டன் என்று ஆட்கள் போனார்கள். சோவியத் நூலகங்களின் கதவு திறக்க 1990-களை ஒட்டிக் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தப் படச்சுருள்கள் இல்லாவிட்டால் நேற்றுப் பார்த்த வேலை ஜெருசலேமில் உட்கார்ந்து நடக்கவே நடக்காது. ஒரு சொல்லுக்காகப் புடாபெஸ்டுக்கு டிக்கெட் எடுக்க யாரால் முடியும்? இப்போது பெரும்பகுதி டிஜிட்டலாகி இணையத்தில் இருக்கிறது. தம்பி தன் போனிலேயே ஓர் ஏட்டைத் திறந்து பெரிதாக்கிக் காட்டினான். புழு தின்ற ஓட்டைகூடத் துல்லியமாகத் தெரிந்தது.

வெள்ளி

இன்று அகாடமி இல்லை, நூலகம் இல்லை. மதியத்துக்கு மேல் பஸ்ஸும் டிராமும் இருக்காது. மஹனே யெஹூதா சந்தையில் காலையிலிருந்தே நெரிசல். ஹல்வா, ஆலிவ், மசாலாக் குவியல், மீன். சாயங்காலம் நெருங்க நெருங்கக் கடைக்காரர்கள் தொண்டை கிழியக் கத்தி விலையைக் குறைக்கிறார்கள். தம்பி அதற்காகவே காத்திருந்து கத்தரிக்காயும் முருங்கைக்குப் பதில் ஏதோ ஒன்றும் வாங்கினான். பிறகு சங்கு ஒலித்தது. ஊர் அடங்கியது. சாம்பார் நன்றாக இருந்தது.

சனி

ஊரே பூட்டிக் கிடந்தாலும் இஸ்ரேல் அருங்காட்சியகம் சனிக்கிழமை திறந்திருக்கும். பஸ் இல்லாததால் சாக்கர் பூங்கா வழியாக நடந்தே போனோம். வெயில் வந்துவிட்டது.

சாக்கடல் சுருள்களுக்கென்று 1965-இல் கட்டிய தனி மண்டபம் இங்கே. கூரை வெள்ளையாக, சுருள்கள் கிடைத்த ஜாடியின் மூடி வடிவத்தில். எதிரே கன்னங்கரேலென்று ஒரு பாசால்ட் சுவர். உள்ளே குகைபோல் மங்கிய வெளிச்சம். நடுவில் வட்டமாக ஏசாயா சுருள். வைத்திருப்பது நகல், அசலை வெளிச்சம் படாமல் பத்திரப்படுத்திவிட்டார்கள். கீழ்த்தளத்தில் அலெப்போ பைபிள் ஏடு: பத்தாம் நூற்றாண்டில் திபேரியாவில் எழுதியது. 1947 கலவரத்தில் அலெப்போ யூதக் கோயில் எரிந்தபின் பல ஏடுகள் காணாமல் போய், மீந்தது 1958-இல் இஸ்ரேலுக்குக் கடத்திவரப்பட்டது.

எனக்கு இங்கே நினைவு வந்தது வேறொரு நூல்: பென் சீராவின் புத்தகம். அகராதித் திட்டத்தின் பொறுமைக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

கி.மு. 180 வாக்கில் ஜெருசலேமில் எழுதிய நீதிநூல் அது. ஆசிரியரின் பேரன் எகிப்துக்குப் போய் அதைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார். யூதர்கள் பைபிளுக்குள் அதைச் சேர்க்கவில்லை. தல்மூத் சில வரிகளை மேற்கோள் காட்டுவதோடு சரி. காலப்போக்கில் எபிரேய மூலம் மறைந்து, கிரேக்கம் முதலிய மொழிபெயர்ப்புகள்தான் மிஞ்சின. 1896-இல் ஆக்னெஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் கிழக்கு நாடுகளில் வாங்கிவந்த ஏட்டுத் துண்டுகளில் ஒன்றைக் கேம்பிரிட்ஜில் சாலமன் ஷெக்டர் பார்த்தார். பென் சீராவின் எபிரேயம்! அந்தத் துண்டின் மூலத்தைத் தேடித்தான் அவர் அந்தக் குளிர்காலத்தில் கெய்ரோ போனார். பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தின் பென் எஸ்ரா யூதக் கோயில் அறையில், எழுதிய தாளைத் தூக்கி எறியாத மக்கள் நூற்றாண்டுகளாகப் போட்டுவைத்திருந்த குவியலிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்கு அள்ளிவந்தார்.

உடனே சண்டையும் வந்தது. இது மூலமே இல்லை, பிற்காலத்தில் யாரோ திரும்ப எபிரேயத்துக்கு மொழிபெயர்த்தது என்றார் ஆக்ஸ்ஃபோர்டின் மார்கொலியத். அகராதிக்காரரின் நிலையைப் பாருங்கள். அந்தச் சொற்களை கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் போடுவதா, ஆயிரம் வருடம் தள்ளிப் போடுவதா? 1964-இல் மசாதா மலைக்கோட்டையை யிகாயேல் யாதின் அகழ்ந்தபோது அதே நூலின் சுருள் ஒன்று கிடைத்தது. கோட்டை ரோமர் கையில் விழுந்தது கி.பி. 73 அல்லது 74-இல்; ஆக அதற்கு முன்னரே எழுதப்பட்ட சுருள். கெய்ரோத் துண்டுகளோடு ஒப்பிட்டதில், படியெடுத்தவர்களின் கைவரிசை அங்கங்கே இருந்தாலும் அடிப்படையில் மூலம்தான் என்று தெளிவானது. 1973-இல் அகாடமியும் இந்த மண்டபமும் சேர்ந்து பென் சீராவின் மூலப்பாடத்தையும் முழுச் சொல்லடைவையும் வெளியிட்டன. வரலாற்றுப் பேரகராதித் திட்டத்தின் பெயரில்.

நாளைக்கே ஒரு ஏடு கிடைத்தால் என்ன செய்வது என்று அந்த அம்மையார் கேட்டதை நான் சமாளிப்பு என்றுதான் நினைத்திருந்தேன். 1963-இல் அவசரப்பட்டு ஒரு தொகுதி போட்டிருந்தால், மறு வருடமே மசாதா அதன் பக்கங்களைத் திருத்த வைத்திருக்கும்.

ஞாயிறு

இங்கே வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. பஸ்ஸில் துப்பாக்கியோடு தூங்கும் சிப்பாய்ப் பிள்ளைகள். ராமத் கானில் பார்-இலான் பல்கலைக்கழகம், 1955-இல் தொடங்கியது. பெயர் யாருடையது என்றால், செவ்வாயன்று புத்தகக் கடையில் பார்த்த கலைக்களஞ்சியத்தைத் தொடங்கிவைத்த அதே ரபி மேயர் பார்-இலான்.

இங்கே உள்ள ரெஸ்பான்ஸா திட்டம் அகாடமியின் வேலைக்கு நேர் எதிர்த் திசையில் பிறந்தது. ஊர் ஊராக யூதர்கள் ரபிகளுக்குக் கேள்வி எழுதி அனுப்புவார்கள், பதில் வரும். கப்பலில் போன கணவன் திரும்பவில்லை, மனைவி மறுமணம் செய்யலாமா? கூட்டு வியாபாரத்தில் சரக்கு மூழ்கினால் யார் தலையில் நஷ்டம்? ஆயிரம் வருடத்துக்கு மேலான கேள்வி பதில். சட்டத்துக்கும் வேண்டும், சமூக வரலாற்றுக்கும் வேண்டும். ஆனால் எது எங்கே என்று கண்டுபிடிக்க வழியில்லை.

அவியெஸ்ரி ஃப்ராங்கல் கணிதக்காரர். ரெஹோவோத்தில் 1950-களில் வெய்ஸாக் என்ற, இஸ்ரேலின் முதல் கணினியைக் கட்டிய குழுவில் இருந்தவர். 1963-இல் அவர் தொடங்கிய திட்டம் இது. 1967-இல் பார்-இலானுக்கு வந்தது. முழு நூலையும் கணினிக்குள் ஏற்றி எந்தச் சொல்லையும் தேடலாம் என்ற எண்ணமே அன்று பலருக்குப் புதிது. தேடுவதும் லேசில்லை. எபிரேயத்தில் ‘உம்’, ‘இல்’, ‘இலிருந்து’ போன்றவை சொல்லின் முன்னால் ஒட்டும், ‘என்’, ‘அவர்கள்’ பின்னால் ஒட்டும், நடுவில் வேரும் உருமாறும். ஒரு வினைச்சொல்லுக்கு ஆயிரக்கணக்கில் வடிவம். ‘வீட்டிலிருந்தபடியேதானே’ என்று ஒரே மூச்சில் எழுதுகிற நமக்கு இந்தத் தலைவலியை விளக்க வேண்டியதில்லை. கெய்ரோவில் பிறந்த யாகோவ் ஷுவேகா இதற்கு வழி செய்தவர்களில் முக்கியமானவர். 1975 முதல் பத்தாண்டுக்கு மேல் திட்டத்தை நடத்தினார். பிற்காலத்தில், ஷெக்டர் அள்ளிய கெய்ரோத் துண்டுகளில் எது எதோடு ஒட்டும் என்று கணினியை வைத்துப் பொருத்தும் வேலைக்கும் அவரே போனார்.

பிறகு குறுந்தகடு வந்தது, அப்புறம் பென் டிரைவ், இப்போது இணையம். 2007-இல் இஸ்ரேல் பரிசு. ரபியும் வக்கீலும் வரலாற்று மாணவரும் இதையே திறக்கிறார்கள். மூலம் பெரும்பாலும் அச்சுப் பதிப்பு. அகாடமிக்காரர்கள் இதற்கு மூக்கைச் சுளிக்கலாம். ஆனால் நாளைக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய ரபிக்கு, சமூகம் எதை வைத்துப் படித்ததோ அந்தப் பதிப்புதான் வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேலை. ஒன்றை வைத்து மற்றதை எடைபோடக்கூடாது.

பஸ் நிறுத்தத்தில் தம்பி மறுபடி ஆரம்பித்தான். “எனக்கென்னவோ இவங்கதான் புத்திசாலி. நாலு வருஷத்துலயே கைல எடுத்துக் காட்டிட்டாங்க. அவங்க அறுபது வருஷமா புஸ்தகமே போடல.”

“1973-இல் பென் சீரா போட்டாங்களே. 1982-இல் அந்த மாதிரிப் பதிவு. 2001-இல் லெய்டன் படியை வெச்சு ஜெருசலேம் தல்மூத் முழுசா.”

“அதெல்லாம் அகராதி இல்லையேண்ணே.”

“வேலை நடக்கலன்னு சொல்ல முடியாதில்ல?”

“நீங்கதான புதன்கிழமை அந்தம்மாகிட்ட ஒரு வால்யூமாவது போடுங்கன்னு கெஞ்சுனீங்க!”

சனிக்கிழமை அருங்காட்சியகத்துக்குப் போனபிறகு மனசு மாறிவிட்டது என்றேன். பாதிதான் மாறியிருக்கும் என்றான் அவன். அதுவும் சரிதான். வேர் வேராகச் சின்னச் சின்ன வெளியீடுகளாகவாவது கொண்டுவரலாம் என்று இன்னும் தோன்றுகிறது. அந்த 1982 பதிவு எந்த அகராதிப் பைத்தியத்தையும் ஒரு வாரம் கட்டிப் போடும். அகாடமிக்கு ஒரு கடிதம் எழுதப்போகிறேன். தம்பி எபிரேயத்தில் தட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறான், பிழை திருத்த யாரையும் விடக்கூடாது என்ற நிபந்தனையோடு.

இரவு விமானம். பஸ் வந்துவிட்டது.